இடது கண்ணும் இங்க்ரிட் அம்மாவும்

தேவனாம்பட்டினம், கடலூர்
4.3.2012, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், மார்கழியிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதனால் இந்தத் தடவை அப்படிக் கேட்கப்போவதில்லை. உன் இடது கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். முழுசும் படித்துவிட்டுப் பேசு. போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், உன் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகும். மஞ்சக்குப்பம் தபால் ஆபீசில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் என் பெண்ணுக்கு ஒன்று எழுதினால் என்ன குறைந்துவிடும். இங்கே வந்துபோன உன் ஆபீஸ் இங்க்ரிட் அம்மா அங்கே திரும்பிய பிறகும் உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், நானே எழுதுகிறேன், அதுவரை வாய் திறக்கக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். நீயும் அவரும் சேர்ந்து என்னிடம் ஒன்றை மறைத்தீர்கள், நானும் அவரும் சேர்ந்து உன்னிடம் ஒன்றைக் கொஞ்ச நாள் மறைத்தோம். சரிக்குச் சரி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தானே புயலில் பறந்துபோன கூரைத் தகடுகளை மாற்றியாகிவிட்டது. படகு தப்பியது, இஞ்சினுக்குள்தான் மணல் போய்விட்டது, அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உன் அப்பா பாதி நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக் கிடக்கின்றன, பஸ்ஸில் போனால் பார்க்க முடியவில்லை. கரண்ட் வருகிறது, வருவதைவிடப் போவதுதான் ஜாஸ்தி. உன் வைத்திலிங்க மாமா, என் தம்பி, சிதம்பரத்திலிருந்து வாரம் தவறாமல் வந்து போகிறான். அங்கே ஒரு தனியார் காலேஜில் பிசிக்ஸ் லெக்சரர் இடம் காலியாக இருக்கிறதாம், தீபிகாவைக் கூப்பிட்டுக்கோக்கா, இருக்கற ஊர்ல இருந்து பாடம் நடத்திட்டுப் போவட்டும், எதுக்கு அந்தப் பனியில கெடக்கணும் என்கிறான். இதைப் பற்றி கடைசியில் எழுதுகிறேன்.

புயலுக்குப் பிறகு போன் செத்துக் கிடந்து ஒரு நாள் திடீரென்று மணி அடித்ததே, நினைவிருக்கிறதா. நீயாகத்தான் இருக்கும் என்று ஈரக்கையோடு ஓடிப்போய் எடுத்தேன். ஒரு வெள்ளைக்காரக் குரல் கேட்டது. தீபிகா, மோமென்ட், தீபிகா என்று அந்தக் குரல் சொல்லி, அதற்குப் பிறகுதான் நீ பேசினாய். உன் குரல் என்னவோ தலையணைக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. ஊரே அழிந்து கிடந்த அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா, என் மகள் என்னிடம் பேசுவதற்கு நடுவில் இவள் யார் என்பதுதான். அவுங்க இங்க்ரிட்மா, எங்க டிபார்ட்மென்ட் ஹெட், உங்க நம்பரை நாலு நாளா விடாம போட்டுப் பார்த்துட்டிருந்தாங்க என்றாய். நீ ஏன் போடவில்லை என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. அன்றைக்கு உள்ளே நுழைந்த முள் அது. பிறகு பொங்கலுக்கு வரவில்லை என்றாய், வேலை ஜாஸ்தி என்றாய். டிக்கெட் எடுத்துவைத்திருந்த பெண், சொந்த ஊரைப் புயல் அடித்துப் போட்ட பிறகும் வரவில்லையே என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள். புஷ்பவள்ளி அத்தை என் முகத்துக்கு நேராகவே, அந்த ஊரு பழகிப் போச்சி போல இருக்கு என்றாள். நான் உன்னை விட்டுக்கொடுக்காமல், அவள் பார்க்கிற வேலை அப்படி என்றேன். என்ன வேலை என்று கேட்டதற்கு ஃபைபர் லேசர் கம்பெனி என்றேன், ஃபைபர் படகா, அதை இங்கியே செய்யறாங்களே என்றாள். சுனாமிக்கு அப்புறம் கரை முழுக்க ஃபைபர் படகுதானே, அவள் மேல் தப்பில்லை. நீ கொச்சியில் போட்டானிக்ஸ் படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லை, என்ன படிப்புடி அது என்றேன். வெளிச்சத்தை வேலை வாங்கற படிப்பும்மா என்று சொல்லிவிட்டு சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அப்போது படித்த காலேஜுக்குச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். அதற்குமேல் நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாசி பிறந்த வாரம் போன் செய்து, நான் வரமுடியலம்மா, இங்க்ரிட் வராங்க, நம்ம சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு எங்க மெஷினு வருது, அதை ஓடவச்சிட்டு ரெண்டு நாள் நம்ம வீட்ல தங்குவாங்க, நல்லா பார்த்துக்கோங்க என்றாய். உனக்குச் சரி சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன், அப்புறம் உன் அப்பாவிடம் அரைமணி நேரம் சண்டை போட்டேன். பெற்ற பெண் வரமாட்டாளாம், அவளுக்குப் பதிலாக ஆளை அனுப்புகிறாளாம் என்று. அவர் கடைக்குப் போய் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து அடுக்கினார்.

வந்தார். ஒல்லியாக, உயரமாக, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தலை வெள்ளையாக. நீ தைத்துக் கொடுத்ததாம், மஞ்சள் சுடிதார். கூடவே மொழிபெயர்க்க அந்தக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் கொளஞ்சியப்பன், பண்ருட்டிக்காரர், நல்ல மனுஷர், தன் முந்திரித் தோப்பு மொத்தமும் போயும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்த இங்க்ரிட் அம்மா நேராக ஜன்னல் ஓரத்து நாற்காலியில், நீ உட்காருகிற நாற்காலியில், போய் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. தீபிகா சொல்லிச்சாம், இதுதான் காத்து வர்ற இடம்னு என்று கொளஞ்சியப்பன் சொன்னார். சாப்பிடும்போது சங்கரா மீன் குழம்பை நான் இன்னொரு கரண்டி ஊற்றப் போனேன், கொஞ்சம் போதும் என்று தமிழிலேயே சொன்னார். ரசத்தை வாயில் வைத்துவிட்டு, தீபிகா வைக்கறதுல மிளகு தூக்கலா இருக்கும், உங்களுதுல பூண்டு என்று கொளஞ்சியப்பனிடம் சொல்கிறார். என் ரசத்தையும் என் மகள் ரசத்தையும் ஒருத்தி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி சொல்கிறாள், நான் உன் கையால் ரசம் சாப்பிட்டே மூன்று வருஷம் ஆகிறது. நீ தூங்கும்போது ஒரு காலை வெளியே நீட்டிக்கொள்வது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜலதோஷம் என்றால் யாரிடமும் பேசமாட்டாய் என்பதும் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னார், ஒவ்வொன்றுக்கும் எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான் தீபிகா, எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு பேர் கிடையாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். உன் சின்ன வயசுப் போட்டோ பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். பீரோவில் ஆல்பம் இருக்கிறது, நீ பல் விழுந்து சிரிக்கிறது, ஸ்கூல் ஆண்டு விழாவில் குறத்தி வேஷம் போட்டது எல்லாம். எல்லாம் சுனாமியில போயிடுச்சி என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று மட்டும் மிச்சம் இருக்கிற தீபிகா அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறாள், அதையும் இவளுக்குக் காட்ட வேண்டுமா என்று இருந்தது. அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் கையை உருவிக்கொண்டு தட்டெடுக்கப் போனேன். மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் உன் அப்பா, ஒன்றும் தெரியாத மனுஷர், அதே ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்து, இது எங்க பாப்பா, இது எங்க பாப்பா என்று பக்கம் பக்கமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆல்பத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார், அவ்வளவுதான். வாங்கி பீரோவில் வைத்தேன்.

அன்றைக்கே சிதம்பரம் போக வேண்டும் என்றார். கோயில் பார்க்க ஆசைப்படுகிறார் போல என்று நினைத்தேன், நாட்டியாஞ்சலி சமயம், தேரடியெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்தான். கார் கொளஞ்சியப்பனுடையது. அப்பா இஞ்சின் வேலை இருக்கிறது என்று வரவில்லை. உள்ளே போய்ச் சன்னதியில் நின்றோம். நான் உன் பேரில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டுவதற்குள் அந்த அம்மா தட்டை நீட்டிவிட்டார். தீட்சிதர் பேர், நட்சத்திரம் கேட்டார். தீபிகா, சித்திரை என்றார் அந்த அம்மா. சித்திரை என்ற சொல்லை எத்தனை நாள் சொல்லிப் பழகினாரோ, சுத்தமாக வந்தது. அப்போது எனக்கு ஏற்பட்டது சாதாரண எரிச்சல் இல்லை. சாமி முன்னால் என் இடத்தில் இன்னொருத்தி நின்றுகொண்டு என் பெண்ணுக்கு வேண்டிக்கொள்கிறாள். தீட்சிதர், என்ன விசேஷம், பிறந்தநாளா என்று கேட்டார். அந்த அம்மா ஏதோ சொன்னார். கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். சொல்லுங்கோ என்றார் தீட்சிதர், பின்னால் கூட்டம் நிற்கிறது. கொளஞ்சியப்பன் மெதுவாக, ஆபரேஷன் பண்ண கண்ணு நல்லபடியா தெளியணும்னு வேண்டிக்கறாங்க சாமி என்றார். யாருக்கு ஆபரேஷன் என்று நான் கேட்டேன். யாருக்கு என்று மறுபடியும் கேட்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே புரிந்திருக்க வேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் இங்கே கிளம்புவதற்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நீ அவரிடம் சொல்லியிருந்தாயாமே. சொல்லிவிட்டாய் என்று நம்பித்தான் வந்திருக்கிறார்.

தீபாராதனை பார்த்த ஞாபகம் இல்லை எனக்கு. எப்படிக் கிழக்குக் கோபுரம் வரைக்கும் நடந்து வந்தேன் என்றும் தெரியவில்லை. காரில் ஏறினோம். பி.முட்லூர் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னேன், எனக்கு எல்லாம் தெரியணும், ஒண்ணு விடாம சொல்லச் சொல்லுங்க என்றேன் கொளஞ்சியப்பனிடம். அந்த அம்மா சொல்லச் சொல்ல அவர் தமிழில் சொன்னார், சொல்ல முடியாமல் இரண்டு இடத்தில் நிறுத்தினார். இதய ரத்தக்குழாயில் வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை லேசரால் வெட்டிப் பார்க்கிற வேலையாம். கண்ணுக்கே தெரியாத வெளிச்சமாம் அது. அதற்கென்று ஒரு பச்சைக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டுமாம், அதைப் போட்டால் கம்ப்யூட்டர் எழுத்து மங்கலாகத் தெரியும் என்று நீ ஒரு நிமிஷம் நெற்றிக்கு ஏற்றினாயாம். பளபளப்பான ஏதோ உலோகத்தில் பட்டுத் தெறித்ததாம். வெளிச்சம் எதுவும் தெரியலையாம், கண்ணுக்குள்ள பட்டுன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சாம்மா, அப்படித்தான் தீபிகா சொல்லிச்சாம் என்றார் கொளஞ்சியப்பன். பிறகு நீ பார்க்கிற எதற்கும் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, கண்ணின் உள்திரையில் ஓட்டை விழுந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் காற்று மாதிரி ஒரு வாயுவை அடைத்து, அது ஓட்டையில் போய் அழுத்த வேண்டும் என்று இரவும் பகலும் உன்னைக் குப்புறவே கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாயு கரைகிற வரைக்கும் விமானம் ஏறக்கூடாது. பொங்கலுக்கு நீ வராதது அதனால். போனில் உன் குரல் தலையணைக்குள் இருந்து வந்தது அதனால். குப்புறக் கிடந்துகொண்டு, டிவியில் கடலூர் கடலூர் என்கிறார்கள், அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்களா இல்லையா என்று நீ அழ, அந்த அம்மா உன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு நம் நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். அவர்தான் சொட்டு மருந்து விட்டது. அவர்தான் உறிஞ்சுகுழாய் வைத்துக் கஞ்சி குடிக்க வைத்தது. கண்ணில் தண்ணீர் படாமல் தலைமுடியைத் துடைத்துப் பின்னிவிட்டதும் அவர்தான். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். தலைமுடி என்றதும்தான் எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சை விட்டு எழுந்து போய்விட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அம்மாவுக்குச் சொல்லு என்று அந்த அம்மா உன்னோடு சண்டை போட்டாராமே. எனக்கொரு பெண் இருந்து இப்படி மறைத்தால் நான் தாங்கமாட்டேன் என்றாராமே. சொன்னா வந்துடுன்னு சொல்லிடுவாங்க, எனக்கும் வந்துடலாம்னு தோணிடும் என்று நீ சொன்னாயாம். என் பக்கம் பேசுவதற்கும் அங்கே அவர்தான் இருந்திருக்கிறார். அதுகூட எனக்கு ஒரு பக்கம் பிடிக்கவில்லை, மறைத்து என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார், படகடிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து, வரச்சொல்லிடு தனக்கோடி, வைத்தி சொல்ற வேலையே போதும் என்றார், அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. எனக்கும் அன்றைக்கு அதேதான் எண்ணம்.

அடுத்த நாள் காலையில் அந்த அம்மா என்னைச் சிப்காட்டுக்குக் கூப்பிட்டார். என் பெண்ணின் கண்ணைச் சுட்டதைப் பார்க்க நான் வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். கெமிக்கல் கம்பெனிகளுக்கு ஸ்டீல் தொட்டி செய்கிற பட்டறை அது. நடுவில் ஒரு சின்ன வீடு மாதிரி நாலு பக்கமும் மூடிய மெஷின். ஜெனரேட்டரில் ஓடியது. பெரிய தீ, நீலச் சுடர் எல்லாம் இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். உள்ளே பார்க்க நிறக்கண்ணாடி வைத்த ஒரு ஜன்னல், அதில் பார்த்தால் தகட்டுக்குக் கீழே பொறி கொட்டுகிறது, மேலே ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து தடித்த இரும்பு வெட்டுப்பட்டு விழுகிறது. அந்த அம்மா மஞ்சளாக ஒரு கேபிளைக் காட்டி, இதற்குள் தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி இழை ஒன்று இருக்கிறது, அது வழியாகத்தான் அவ்வளவு வெளிச்சமும் வருகிறது என்றார். வெட்டின துண்டை ஆறவைத்து என் கையில் கொடுத்தார்கள், ஓரம் விரலில் வழுக்கியது. பழைய மெஷின்ல வெட்டினா ஓரமெல்லாம் பிசிறு நிக்கும்மா, நாள் பூரா தேய்ச்சிகிட்டு தூசியை முழுங்கிகிட்டு இருப்பாங்க பசங்க, இதுல அந்த வேலையே இல்ல என்றார் கொளஞ்சியப்பன். கார் பேட்டரி ஒட்டுவது, மாத்திரை மேல் எழுத்துப் போடுவது எல்லாம் இனிமேல் இந்த வெளிச்சம்தானாம், வரப்போகிற வருஷங்களில் இது இல்லாத ஃபாக்டரி இருக்காது என்கிறார்கள். எந்தத் தகட்டுக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு வேகம் என்று இந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தீபிகா என்றார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகளின் வேலையை என் ஊரிலேயே எனக்கு இன்னொருத்தி காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதும் சுருக்கென்றது, ஆனால் அந்தத் தகட்டுத் துண்டை நான் கீழே வைக்கவில்லை, கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

அங்கே கேன்டீனில் வைத்துத்தான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். மெஷினை ஓடவைக்க வேறு யாரை வேண்டுமானாலும் அனுப்பியிருப்பாராம், என்னைப் பார்க்கத்தான் அவரே வந்தாராம். நீ லேசர் அறைக்குள் போவதே இல்லையாமே. டாக்டர் போகலாம் என்று சொல்லியும் மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் மட்டும் எழுதுகிறாயாம். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிறாயாம். வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடப் போகிறேன் என்கிறாயாம். அடுத்த வருஷம் அவர் ரிட்டையர் ஆகிறார், அந்த இடத்துக்கு உன்னைத்தான் நினைத்திருக்கிறார், அது உனக்கும் தெரியுமாம். நான் சொன்னா தலையாட்டுது, ஆனா நம்பறது இல்ல, உங்க பேச்சை நம்பும், நீங்க சொல்லணும் என்று கொளஞ்சியப்பன் வாயால் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், உன் தலைமுடி வரைக்கும் பின்னிவிட்டவர், தன்னால் முடியாத ஒன்றைக் கேட்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வந்துடு என்று ஒரு வார்த்தை நான் எழுதினால் போதும், நீ சிதம்பரம் காலேஜில் இருப்பாய், சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவாய், உன் ரசத்தில் மிளகு தூக்கலா இல்லையா என்று நான் பார்ப்பேன், அந்த அம்மா அங்கே உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் ஊருக்குப் போன பிறகும் யோசித்தேன். ஸ்டாம்பு கொடுக்கும்போது சில்லறை தப்பாகக் கொடுக்கிற அளவுக்கு யோசித்தேன்.

கடைசியில் நினைவுக்கு வந்தது நீ சொன்னதுதான். சுனாமிக்குப் பிறகு உன் அப்பா கடல் பக்கமே திரும்பாமல் இருந்தார், கட்டட வேலைக்குப் போகிறேன் என்றார், நானும் சரி என்றேன், எனக்கு அவர் உயிரோடு இருந்தால் போதும். நீ அப்போது காலேஜ் முதல் வருஷம். அப்பா, கடலு புடிக்கலன்னா விட்டுடுங்க, பயந்துகிட்டு விடாதீங்க என்றாய். அவரைக் கரைவரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், முட்டியளவு தண்ணீரில் அவரோடு நின்றுகொண்டிருந்தாய். மறுபடியும் போனார். இன்றைக்கும் போகிறார். அதே பெண்ணை, பயத்தோடு வீட்டுக்கு வந்து என் மடியில் படுத்துக்கொள் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. கூப்பிட்டு ஜெயித்தால் நான் ஜெயிப்பது இங்க்ரிட் அம்மாவை இல்லை, உன்னை. இதை உன் அப்பாவிடம் சொன்னபோது, அப்ப நீ போயி கூட நில்லு என்றார்.

ஆகையால் கேட்டுக்கொள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டாகிவிட்டது, ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். இந்த மாதிரி ஆபரேஷன் செய்த கண்ணில் ஒரு வருஷத்துக்குள் புரை விழும், அதற்கு இன்னொரு ஆபரேஷன் வரும் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அந்த அம்மா சொன்னார். அதற்கு நான் வருகிறேன். சொட்டு மருந்தும் கஞ்சியும் தலைமுடியும் இந்தத் தடவை என் கையால். அவர் பக்கத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்து இடம் என்னுடையது, இதை இப்போதே சொல்லி வைத்துவிடு. அவருக்கென்று உன் குறத்தி வேஷப் போட்டோவைப் பிரேம் போட்டு எடுத்து வருகிறேன், ஒன்றுதான், ஆல்பத்தைத் தரமாட்டேன். மிளகாய்த்தூளும் கருவாடும் விடுவார்களா என்று விசாரித்து எழுது. அதற்கு முன்னால், நான் வந்து இறங்கின மறுநாளே, அந்த அறைக்குள் நீ ஒரு தடவை போக வேண்டும். அதன் பிறகு வேலை பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக்கொடு, என் கூடவே ஊருக்கு வா, மாமா சொல்கிற காலேஜ் எங்கேயும் போய்விடாது, உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். பயந்துகொண்டு மட்டும் விடாதே.

பச்சைக் கண்ணாடியைக் கழற்றினாய் என்று இனி ஒரு தடவை கேள்விப்பட்டால் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவேன், நினைவிருக்கட்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே. மருந்தை வேளை தவறாமல் விடு. இடது கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படித்திருப்பாய், எழுத்தைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன். தில்லை நடராஜரும் நம் கடலம்மாவும் உன் இரண்டு கண்ணுக்கும் காவலாக இருக்கட்டும். அப்பா உனக்கும், சொல்லச் சொன்னார், இங்க்ரிட் அம்மாவுக்கும் ஆசி சொல்கிறார்.

நீ அந்த அறைக்குள் போகிற அன்று இங்க்ரிட் அம்மா உன்னோடு உள்ளே வரட்டும், அவருக்குத்தான் அங்கே எது எங்கே என்று தெரியும். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். வெளியே வந்ததும் அவர் பக்கம் திரும்பாதே. முதலில் என்னைப் பார்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
ச. தனக்கோடி